கட்டுக்கம்பி ஒரு கிலோ

ஐப்பசி பிறந்து ஒன்பதாம் நாள்
கூரையில் ஏறினேன்.
இருபத்தொரு தகரம். தகரத்துக்கு ஆறு ஆணி.
தலை கழன்றவை பதினேழு.
கச்சான் காற்று ஆடி முழுக்க உரசி உரசித்
தளர்த்தி வைத்ததை
வாடை வந்து வாங்கிக்கொண்டு போகும்.
இரண்டு காற்றுக்கும் ஏதோ ஒப்பந்தம்.

ஏகாம்பரம் வீதிக் கடையில்
"என்னக்கா, புயலுக்கோ?" என்றான்
கம்பி நிறுக்கிற பெடியன்.
புயலுக்கு ஒரு விலை, பந்தலுக்கு ஒரு விலையா என்றேன்.
சிரித்தபடி நாலு வொஷர் கூடப் போட்டான்.

கட்டாரிலிருந்து வீடியோவில்
கூரையைக் காட்டச் சொல்கிறார் இவர்.
"அந்த வளையோட சேர்த்துக் கட்டு.
இல்லை, மற்ற மூலை. உனக்கு வலக்கை எது?"
கம்பி முறுக்குகிற கைக்கு வலம் இடம் இல்லை.
அவருடைய பழைய சேட்டுப் பைக்குள்
ஃபோனைக் கவிழ்த்துப் போட்டேன்.
இருட்டோடு பேசிக்கொண்டிருந்தார்
கொஞ்ச நேரம்.

பிறகு மண்மூட்டை.
உரப்பையில் முக்கால்தான் நிரப்ப வேண்டும்,
நிறைந்தது உருளும், குறைந்தது படியும்.
கடற்கரை மண் அள்ளக்கூடாதாம், கிராம சேவகர் சொன்னார்.
திருக்கடலூரில் வருஷா வருஷம்
கடல் அள்ளிக்கொண்டு போகிறதே,
அதற்கு யார் சொல்வது?
வளவுக்குள் கிண்டினேன்.
ஒற்றைச் செருப்பு, மகளின் பிளாஸ்ரிக் யானை,
துருப்பிடித்த ரவைக்கோது ஒன்று.
மூன்றையும் மூட்டைக்குள்ளேயே போட்டுக் கட்டினேன்.
பாரம் பாரம்தான்.

ஃபிரிஜ்ஜுக்கு இன்னும் ஏழு தவணை.
ஆகவே அதுதான் முதலில் உயர வேண்டும்.
எட்டுச் சீமெந்துக் கல், நானும் புஸ்பவதியும்,
அவளுடைய முழங்கால் வலியும்.
இப்போது பால் எடுக்க எக்குகிறேன்.
ஜனோஜாவுக்கு ஐஸ்பழம் எட்டாது.
வராத புயலை அவள் இன்றைக்கே வெறுக்கிறாள்.

பத்திரங்கள் மூன்று பொலித்தீனுக்குள்:
காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சாட்சிப்பத்திரம்,
பாங்குப் புத்தகம், தவணை அட்டை,
அண்ணாவைத் தேடிக் கொடுத்த மனுவின் பற்றுச்சீட்டு.
மை மங்கி இலக்கம் மட்டும் தெரிகிறது.
அதை நடுவில் வைத்தேன்.
எந்தப் பக்கத்தால் தண்ணி வந்தாலும்
கடைசியாகத்தான் நனையும்.

மிச்சம், றெஜினோல்டின் தென்னை.
அவன் வளவில் முளைத்து
என் அடுப்படிக்கு மேல் சாய்ந்து நிற்கிறது,
ஒட்டுக்கேட்கிற ஆள் மாதிரி.
தறி என்றேன்.
காய்க்கிற மரம் என்றான்.
விழுகிற மரமும் அதுதான் என்றேன்.
மூன்று நாள் வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பேச்சில்லை.
நாலாம் நாள்
"திருகோணமலைக்குக் கிழக்கே
இருநூற்றிருபது கிலோமீற்றரில் தாழமுக்கம்"
ரேடியோ சொல்லி முடிக்கவில்லை,
வள்ளத்துக் கயிறோடு வந்து நின்றான்.
குலை இறக்கினான், ஓலை கழித்தான்,
மரத்தின் கழுத்தைத் தன் பூவரசோடு
இழுத்துக் கட்டினான்.
அன்றைக்கு ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை.
வள்ளங்கள் எல்லாம் ரோட்டுக்கு ஏறி
பஸ்ஸுக்கு நிற்கிற சனம் போல நின்றன.

கறன்ட் போனது ஏழேகாலுக்கு.
நனையாமல் இருக்கட்டும் என்று
நெருப்புப்பெட்டியைத் தலையணை உறைக்குள் வைத்தது
நினைவு வர ஒரு மணித்தியாலம்.
ஆணித்தலை எண்ணியவள் நான்.

விடிய, வடக்கே திரும்பிவிட்டதாம்.
முல்லைத்தீவில் இப்போது
யாரோ ஒருத்தி கூரையில் ஏறியிருப்பாள்.
எங்களுக்கு மழை மட்டும்.
அடுப்படியில் ஓர் ஒழுக்கு, வாளிக்குள் சொட்டுகிறது.
"வீண் செலவு" என்றார் கட்டாரிலிருந்து.

வேலியில் றெஜினோல்ட். கயிறு வேணுமாம்.
மரத்தை அண்ணாந்து பார்த்தேன்.
கார்த்திகை இன்னும் தொடங்கவேயில்லை.
"தை பிறக்கட்டும்."
"அதுவரைக்கும் வள்ளத்தை என்னத்தால கட்ட?"
முற்றத்தில் இறங்கி
உடுப்புக் கொடியின் நைலோன் கயிற்றை
இரண்டு பக்கமும் அவிழ்த்துச் சுருட்டிக் கொடுத்தேன்.
எப்படியும் தை வரைக்கும்
ஒன்றும் காயப் போவதில்லை.